எங்கள் சபையை மறுத்து நீங்கள் எழுதிய சிறுநூல்

என் பிரியமான மச்சாள்,

நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது. அண்ணாவின் சீனி வியாதி கட்டுப்பாட்டில் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மெரிலேண்ட்ஸ் வீட்டில் உங்கள் கறிவேப்பிலை மரம் வேலிக்கு மேலே போய்விட்டது. உங்கள் மகள் யாழினி போன கிழமை எனக்கு ஃபோன் எடுத்து ஒன்று கேட்டாள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் அண்ணாவின் மனைவியான நீங்கள் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல், இதைப் படிப்பவர்களுக்கு அது விளங்காது.

எண்பதுகளின் நடுவில் நான் மோர்மன் சபையில் சேர்ந்தேன்; பைபிளோடு இன்னொரு வேதநூலையும் வைத்திருப்பதால் மற்றக் கிறிஸ்தவர்கள் பலர் ஏற்காத சபை அது. நம் குடும்பமோ யாழ்ப்பாணத்திலேயே பரம்பரையாகப் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்தினார். நான் ஃபோன் எடுத்தால் அண்ணா ஒரு சொல்லும் பேசாமல் அதை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். வீட்டில் நடப்பதெல்லாம் உங்கள் வாயால்தான் எனக்குத் தெரியவந்தது.

என்னைப் போல இன்னும் யாராவது போய்விடுவார்களோ என்று உங்கள் தமிழ் ஆராதனைக் குழுவினர் பயந்தார்கள். மோர்மன் நம்பிக்கைகளை மறுத்துத் தமிழில் ஒரு சிறுநூல் எழுதித் தரும்படி உங்களைக் கேட்டார்கள். நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்கள். நான் போன வழி பிழை என்பதில் உங்களுக்குக் கடைசிவரை சந்தேகம் இருக்கவில்லை. அதை என்னிடம் மறைத்ததும் இல்லை.

குழு தந்த ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிய நீங்கள், ஒருநாள் எனக்கு ஃபோன் எடுத்தீர்கள்.

"மச்சாள், உங்கட ஆரம்பகாலத் தலைவர்மாற்ற பிரசங்கத் தொகுதிகள் உம்மட சபைக் கோயில்ல இருக்கோ? ஒரே வரியை ரெண்டு புத்தகத்தில ரெண்டு பக்க எண்ணோட போட்டிருக்கு. ஒண்டில நடுவில புள்ளி புள்ளியா விட்டிருக்கு. அந்தப் புள்ளிக்குள்ள என்ன இருந்ததெண்டு நான் பார்க்கவேணும்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்களை மறுத்து எழுதுறதுக்கு நானே புத்தகம் எடுத்துத் தரவேணுமோ?" என்று கேட்டேன்.

"ஓம். நீங்கள் சொல்லாததைச் சொன்னதா நான் எழுதினால், அது பொய்ச்சாட்சி. வேற ஆர் எனக்குக் காட்டுவினம்?"

வரச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை எங்கள் சபைக்கு வந்தீர்கள். எங்கள் சபை விலக்கியதால் நான் தேத்தண்ணீர் குடிப்பதில்லை என்று, பிளாஸ்கில் மைலோச் சத்துப்பானம் கொண்டுவந்தீர்கள். அந்தத் தடித்த தொகுதிகளை மேசையில் அடுக்கி, ஒவ்வொரு மேற்கோளாக இருவரும் தேடினோம். கடவுளைப் பற்றிய ஒரு வரி, சொன்ன பக்கத்தில் இல்லை. வேறொரு தொகுதியில் கிடந்தது. அது தன் சொந்த எண்ணம்தான் என்று அடுத்த வரியிலேயே பிரசங்கி சொல்லியிருந்தார். புள்ளி வைத்தவர் அதை விட்டுவிட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அந்த மேற்கோளைக் குறுக்கே கோடிட்டு வெட்டினீர்கள்.

பிறகு எங்கள் சபையின் ஆரம்பகாலத்தில் இருந்த பலதார மணத்தைப் பற்றிய ஒரு வரி. அதை எங்கள் எதிரிகள் இட்டுக்கட்டினார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அது ஒரு எழுத்தும் பிசகாமல் அங்கே இருந்தது. முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் வாசித்தேன். அப்போதும் அது மாறவில்லை. நீங்கள் மைலோவை ஊற்றி என் பக்கம் தள்ளினீர்கள். வென்றுவிட்டேன் என்ற பார்வை உங்கள் முகத்தில் வந்திருந்தால் நான் அன்றைக்கே எழும்பிப் போயிருப்பேன். அந்த வரியோடு நான் எப்படி இத்தனை வருடம் இருக்கிறேன் என்று ஏன் நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை? கேட்டிருந்தாலும் என்னிடம் முழுப் பதில் இருந்திராது.

குழுவின் செயலாளருக்கு உங்கள் தாமதம் பிடிக்கவில்லை. "ஆர் போய் இந்தப் பக்கங்களைப் பார்க்கப் போகினம்?" என்று கேட்டாராம். "என்ர மச்சாள் பார்ப்பா" என்றீர்களாம். என்னோடு திரும்பப் பேசத் தொடங்கிய பிறகு அண்ணாவே இதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். மூலத்தில் பார்க்க முடியாத மேற்கோள்களை அச்சிட நீங்கள் சம்மதிக்கவே இல்லை. சிறுநூல் மெலிந்துபோய்த்தான் வந்தது. சூடு போதாது என்று சிலர் குறைப்பட்டார்கள்.

ஆனால் அம்மா அதை வாசித்தார். வாசித்துவிட்டு, அத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"இதில எழுதியிருக்கிறதைத்தானோ நீ நம்புறாய்?"

"ஓம் அம்மா. நாங்கள் நம்புறதைச் சரியாத்தான் எழுதியிருக்கிறா. மறுப்பைத்தான் நான் ஏற்கேல்லை."

"நான் வேற என்னென்னவோ கேள்விப்பட்டிருந்தன்" என்றார் அம்மா. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. உன்ர கோயில் ஆராதனை முடிய வா" என்றார்.

அம்மா என் நம்பிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்று ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்தார். எங்களுக்கு எதிராக எழுதிய நூல்தான் என்னை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தது. நீங்கள் இதை எதிர்பார்த்தீர்களா, மச்சாள்?

இப்போது யாழினி கேட்டதைச் சொல்கிறேன். சிறுநூலைத் திரும்ப அச்சிடப் போகிறார்களாம். "மாமி, ரெஃபரன்ஸ் எல்லாம் நீங்கள் ஒருக்கா செக் பண்ணித் தருவீங்களோ? அம்மா இருந்தா உங்களிட்டத்தான் கேட்டிருப்பா" என்றாள். மோர்மன் மாமி செய்வதில் குழுவுக்குச் சம்மதமா என்று கேட்டேன். "நான் அவையளிட்டச் சொல்லிட்டன்" என்றாள். குரல் அப்படியே உங்களுடையது.

உங்கள் கைப்பிரதியைத் தந்திருக்கிறாள். அதில் ஒரு மேற்கோளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, "மூலம் கிடைக்கவில்லை, விடவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது பழைய புத்தகங்களைக் கணினியில் படமாகப் பார்க்கலாம். இரண்டு மாலை தேடினேன். கிடைத்தது. உண்மைதான், மச்சாள், எங்கள் ஆள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நோகும் வரி. யாருக்கும் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் எழுதி, முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு, நேற்று யாழினிக்கு அனுப்பிவிட்டேன். மிச்சப் பக்கங்களையும் இப்படியே பார்த்துக் கொடுப்பேன். எங்களுக்குச் சாதகமாக ஒரு புள்ளியும் வைக்கமாட்டேன், உங்களுக்குச் சாதகமாகவும் வைக்கமாட்டேன். இது என் வாக்கு.

இன்னும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் மச்சாள்
வசந்தி