தீபாவளி மாலையில் நின்ற பாட்டு

வெள்ளவத்தை
16.11.2020

அன்பின் புஷ்பராஜ்,

தீபாவளி அன்று உன் நேரலையை நடுப்பாட்டில் நிறுத்தியது நான்தான். லைன் விழுந்துவிட்டது என்று கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டது பொய். நீ போனை எடுக்கிறாய் இல்லை. அதனால் என் கடை லொறியில் ஸாலிஹ் நானா உங்கள் தோட்டத்துக்கு விற்கக் கொண்டுவரும் சாமானில், உன் பையில் இதை வைக்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் அடைபட்ட சனம் பின்னேரமானால் நம்ம பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உன் கீபோர்டுக்குக் காத்திருந்தது. எனக்கும் மிளகாய்த்தூள் ஓடர் கூடியது. அதை மறைக்கவில்லை. அன்றைக்கு நீ நடுவில், "கொட்டாஞ்சேனை அரசடித் தோட்டத்திலிருந்து வாசிக்கிறேன், கிருபாவின் மிளகாய் ஸ்டோருக்குப் பக்கத்து வீடு" என்றாய். உடனே ஒரு அம்மா கீழே எழுதினா: "கொரோனாவுக்கு அடைச்சு வைச்சிருக்கிற அந்தத் தோட்டத்திலயா தூள் அரைக்கிறீங்கள்?" ஓடரெல்லாம் போய்விடும் என்று பயந்தேன். பக்கம் என்னுடையது, விரல் நிறுத்தும் பொத்தானை அமத்திவிட்டது.

யாவாரிப் புத்தி, வேறென்ன சொல்ல. இன்று பின்னேரம் வழமைபோல வாசி, மச்சான்.

உன்
கிருபாகரன்


அரசடித் தோட்டம், கொட்டாஞ்சேனை
17.11.2020

கிருபா,

பை கிடைத்தது. நேற்றுப் பின்னேரம் நான் வாசிக்கவில்லை.

உனக்கு விளம்பரம் தருகிறேன் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன். இந்தத் தோட்டத்து நெருக்கமான வரிசை வீடுகளில் பிறந்தவன் இன்றைக்கு வெள்ளவத்தையில் பிளாட் வாங்கியிருக்கிறான் என்று எனக்கு ஒரு பெருமை.

அன்றைய பாட்டு, எதிர்வீட்டு ஐறீன் அக்காவின் புருஷன் கேட்ட பாட்டு. தனிமைப்படுத்தல் முகாமில் அவரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். இரண்டாவது சரணத்தில் திரை கறுத்துப் போனதும் மனுசன் அக்காவுக்குப் போன் அடித்து, "புஷ்பராஜையும் அம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்களா?" என்று அழுதிருக்கிறார். அக்கா ஓடி வந்து என் கதவைத் தட்டினா. திறந்ததும் போனுக்குள்ளே, "இருக்கான், இருக்கான்" என்று கத்தினா. மிச்சப் பாட்டை வாசலில் வைத்து வாசித்தேன். அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா.

உன் பக்கம் இல்லாமலும் பாட்டுப் போகும். ஆனால் அங்கே எனக்காகக் காத்திருக்கிற சனம் பாவம். அவர்களுக்காக வருகிறேன். பக்கத்தின் உச்சியில் தோட்டத்தின் பெயர் இருக்கவேண்டும். பாட்டுக்கு நடுவே தூள் விளம்பரம் கூடாது. தொடங்கும்போது நீ முகத்தைக் காட்டி, தூள் எங்கே அரைக்கிறது, நீ எங்கே பிறந்தாய் என்று சொல்லவேண்டும்.

இன்னொன்று. எங்களுக்கு வருகிற அதே பருப்பு வெள்ளவத்தைக்கு மலிவாகப் போகிறதாம். ஸாலிஹ் நானாவைக் கோபிக்காதே, நான் கேட்டுத்தான் சொன்னார்.

புஷ்பராஜ்


வெள்ளவத்தை
18.11.2020

அன்பின் புஷ்பராஜ்,

பருப்பு விலை பற்றி நீ எழுதியது உண்மை. உங்கள் பக்கத்துப் பொலிஸ் தடுப்பு வரைக்கும் லொறி வருவது ஆபத்து என்று நான்தான் விலையைக் கூட்டினேன். நீ கேட்டிராவிட்டால் அப்படியே விட்டிருப்பேன். வெட்கம் அதுதான்.

விலையைக் குறைக்கிறேன். தோட்டத்தின் பெயர் போடுவதும் விளம்பரம் நிறுத்துவதும் சரி. முகம் காட்டுவதை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடு. மகள் தாரிகாவைப் பேச வைக்கிறேன், அவள் வடிவாகக் கதைப்பாள். நான் வெள்ளவத்தையில் பிறந்தவன் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிருபாகரன்


அரசடித் தோட்டம்
19.11.2020

கிருபா,

தாரிகா பிள்ளை இந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. நீ பிறந்தாய்.

புஷ்பராஜ்


வெள்ளவத்தை
20.11.2020

அன்பின் புஷ்பராஜ்,

மத்தியானச் சாப்பாட்டில் வைத்துத் தாரிகாவிடம் சொன்னேன். "அப்ப, ஒவ்வொரு நாளும் வாசிக்கிற அங்கிள் உங்கட கூட்டாளியா? பக்கத்து வீடா? ஏனப்பா சொல்லேல்லை?" என்றாள். என் மனுசி அருந்ததி கறியையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்குத் தெரியும், பிள்ளைகளிடம் சொல்லாதே என்று கலியாணம் முடித்த புதிதிலேயே நான் வாயை அடைத்திருந்தேன். நான் சாப்பாட்டுப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வரும்போது குரல் இறங்கிப் போகிறது. இறங்கினாலும் சொல்வேன்.

கேள்வி எழுதிய அம்மாவுக்கும் பதில் போட்டேன்: "ஓம், அங்கேதான் அரைக்கிறோம்." ஓடரை நிற்பாட்டிவிட்டா. நிற்பாட்டட்டும்.

நாளைக்கு அந்தப் பாட்டை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். முகாமில் போனைத் திறந்து வைத்திருக்கும்படி ஐறீன் அக்கா தன் மனுசனிடம் சொல்லட்டும்.

ஆகவே பேசி முடித்தது இது. பக்கத்தின் உச்சியில் அரசடித் தோட்டம். தொடக்கத்தில் என் முகம், என் வாய். பாட்டு நடக்கும்போது பக்கம் உன் கையில். அதன் பாஸ்வேர்டை மாற்றி இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன், என்னிடம் பிரதி இல்லை. உங்களிடம் விலை கூட்டி எடுத்த காசுக்கு நாளைய லொறியில் சாமான் வரும். பருப்பு இனி வெள்ளவத்தை விலைக்கே.

கிருபாகரன்