மைனஸ் ஏழுக்காகத் தொங்கிய குலைகள்

மோசல் கரை, நவம்பர் 12

சீமாட்டி மருமகள் ரெனாட்டாவுக்கு,

ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல்களை அதட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் உனக்கு, மோசல் நதியின் முடிசூடா மன்னன் ஹில்மார் மாமா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது என்னைக்கு என் பேச்சைக் கேட்டது?

ஊரில் எல்லோரும் அக்டோபரிலேயே அறுப்பை முடித்து, குடித்து, படுத்தும்விட்டார்கள். உன் அம்மாவின் சரிவில் மட்டும் மேல் வரிசைத் திராட்சைகளைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். வலை போட்டும் சூறைக்குருவிகள் விடுவதாயில்லை. நேற்று வந்த கூட்டத்தில் சூரியன் மறைந்து, பொழுது சாய்ந்துவிட்டதென்று கோழிகள் கூண்டுக்குள் போய்விட்டன.

பக்கத்துத் தோட்டத்து வெண்டலின் வேலியோரம் நின்று, "என்ன ஹில்மார், காட்டுப்பன்னிக்கு விருந்தா?" என்றான்.

"உனக்குத்தாம்ப்பா வச்சேன். பன்னி முந்திக்கிட்டா நான் என்ன பண்றது?" என்றேன்.

மைனஸ் ஏழில் ஒரே ஒரு விடியல் வந்து, குலைகள் கொடியிலேயே உறையட்டும். உன் அம்மா, என் அக்கா ஒட்டிலியின் பெயரில் ஐஸ் ஒயின் இறக்கிக் காட்டுகிறேன். நீயும் வந்துவிடு. இந்தப் பெரிய வீட்டில் நானும் பூனையும்தான், பூனையும் என்னோடு பேசுவதில்லை.

உன் மாமா,
ஹில்மார்


ஹாம்பர்க், நவம்பர் 20

அன்புள்ள மாமா,

சிரித்துச் சிரித்துப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்னவென்று கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

வெண்டலின் அந்தச் சரிவைக் குத்தகைக்குக் கேட்கிறார். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கொடுக்க மனமில்லை. அம்மா போன பிறகும் அந்தச் சரிவில் ஐஸ் ஒயின் இறங்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். இறங்காவிட்டால் குத்தகைதான்.

ஒன்றே ஒன்று மாமா. தெர்மாமீட்டரிடம் உங்கள் கற்பனையைக் காட்டாதீர்கள், ஐஸ் ஒயினுக்கு மைனஸ் ஏழுதான் சட்டம். மைனஸ் ஆறோடு நின்றுவிட்ட அந்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? விடியலில் வாளியோடு வந்த தெரு ஜனம் முழுவதையும் உட்காரவைத்து அம்மா சூப் ஊற்றினாள். "இன்னைக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டாள். குலைகளெல்லாம் அழுகிப்போயின. அதனால்தான் அவள் பெயர் போட்ட புட்டிக்கு இன்றுவரை மறுபேச்சு இல்லை.

முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். பூனைக்குத் தடவிவிடாதீர்கள்.

அன்புடன்,
ரெனாட்டா


மோசல் கரை, டிசம்பர் 27

ராஜாத்தி,

கிறிஸ்துமஸ் வாத்தை அடுப்பில் வைக்கவே இல்லை. ஜன்னலோரம் வைத்தேன், வெந்துவிட்டது. அவ்வளவு வெயில்! குலைகள் பழைய செருப்பு நிறத்துக்கு வந்துவிட்டன. பாதியைப் பன்றி தின்றது, மீதியில் பாதியை அழுகல் தின்கிறது.

சத்திரத்தில் எல்லோருக்கும் நான்தான் ஊறுகாய். கறிக்கடை ஆல்பன், "எதுக்கு ஹில்மார் வானத்தைப் பாத்துக்கிட்டு கெடக்குற? என் கறி வைக்கிற ஐஸ் அறையில கொண்டாந்து தொங்கவிடு. ஒரே ராத்திரியில சைபீரியா!" என்றான். சத்திரமே சிரித்தது, நானும் சிரித்தேன். வெண்டலின் மட்டும், "கொடியிலயே உறையணும்யா. அறையில உறைஞ்சா அதுக்குப் பேரு ஜாம்" என்றான்.

அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலைக் கொஞ்சம் தள்ளிப்போடேன், கண்ணு.

மாமா


ஹாம்பர்க், டிசம்பர் 30

அன்புள்ள மாமா,

வாக்குக் கொடுத்தாயிற்று, தள்ளிப்போட முடியாது. வானம் கைவிட்டால் விடட்டும். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. புத்தாண்டு வாழ்த்துகள்.

ரெனாட்டா


மோசல் கரை, ஜனவரி 3

ரெனாட்டா! முரசு கொட்டு!

மைனஸ் ஒன்பது! நதி ஓடிய ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. சேவல் கூவிய கூவல் உறைந்து முற்றத்தில் விழுந்து உடைந்தது. நான்தான் பெருக்கித் தள்ளினேன். போன் அடித்ததும் தெருவே திரண்டு வந்தது. வெண்டலின் பெண்டாட்டி எர்னா புருஷனின் கம்பளிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். ஒவ்வொரு திராட்சையும் கோலிக்குண்டு. வாளியில் விழுந்தால் கோயில் மணிச் சத்தம்!

உருகுமுன் பிழியவேண்டுமே, ஓடினோம். பிழிபொறி கிழவனைப்போல முனகியது. தண்ணீரெல்லாம் ஐஸாகி உள்ளேயே தங்கிவிட, தேன் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. ஒரு குலைக்கு ஒரு கரண்டி தேறினால் அதிகம்.

உன் வெற்றிவீர மாமா


ஹாம்பர்க், ஜனவரி 11

என் செல்ல மாமா,

அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். வெண்டலினிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன். பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாளுக்கு ஊரில் இருப்பேன்.

அம்மாவின் கட்டைவிரல் உயரக் கிளாஸ்கள் பத்திரமா? நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி வாங்கி வருகிறேன். முதல் மிடறு உள்ளே போகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பாளே, அப்படியே குடிப்போம். பிறகு அவள் செய்ததுபோலப் பாதாம் கேக் சுட்டு, பறிக்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உங்கள் ரெனாட்டா


மோசல் கரை, ஜனவரி 15

ராஜாத்தி,

கேக்கெல்லாம் எதற்கு? எர்னாவுக்குச் சர்க்கரை வியாதி. மற்றவர்களுக்குப் பல்லே கிடையாது. இந்த ஊரில் கேக் கொடுக்கும் வழக்கமே போய்விட்டது. நீ வா, போதும்.

மாமா


ஹாம்பர்க், பிப்ரவரி 6

ஹில்மார் மாமாவுக்கு,

பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்தீர்கள், குடித்தேன். நாக்கின் நுனியில் தேன், பின்னாலேயே எலுமிச்சையாய் ஒரு வெட்டு. "அம்மாவோடது மாதிரியே இருக்கு மாமா" என்றேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். சந்தோஷத்தில் பார்ப்பதாக நினைத்தேன்.

கேக் டப்பாவைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தீர்கள். அதையும் விளையாட்டென்றே நினைத்தேன். முதலில் எர்னா வீட்டுக்குப் போனேன்.

"அந்தக் குளிர்ல வந்து பறிச்சீங்களே, ரொம்ப நன்றி அத்தை" என்றேன்.

எர்னா கையைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் குளிர்லம்மா?" என்றாள்.

"ஜனவரியில... மைனஸ் ஒன்பதுல..."

அவள் வெண்டலினைப் பார்த்தாள். அவர் மெதுவாக, "எங்கள யாரும் கூப்பிடலியேம்மா. அன்னைக்கெல்லாம் இங்க மழை" என்றார்.

அப்போதும் நான் நம்பவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனேன், அதற்கடுத்த வீட்டுக்கும் போனேன். ஆல்பன் வீட்டில் அவர் மனைவி கேக்கை வாங்கிக்கொண்டே, "உங்க மாமா திராட்சையால கறி வைக்க எடமில்லாமப் போச்சும்மா. நல்லா உறைஞ்சுதா?" என்று கேட்டாள். தெரு முழுக்க நின்று பார்த்தது. என் கையில் அம்மாவின் கேக் டப்பா.

அந்த ஒயின் நன்றாக இருக்கிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் நாக்கு ஏமாந்தது. இனி அம்மா இறக்கிய பழைய புட்டியைத் திறந்தாலும் ஒரு கணம் சந்தேகப்படுவேன். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

பீப்பாயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பெயர் அதன்மேல் ஏறாது. சரிவை வெண்டலினுக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹாம்பர்க்கில் கெஞ்சி வேலையைத் திரும்ப வாங்கியாயிற்று. இனி எழுதவேண்டாம்.

ரெனாட்டா


மோசல் கரை, பிப்ரவரி 19

ரெனாட்டா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நீ வரவேண்டும் என்றுதான் செய்தேன். அதை விடு.

இன்று விடியலில் மைனஸ் பதினொன்று. நீ நம்பமாட்டாய் என்று, சாட்சிக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி வெண்டலினைக் கேட்டேன். "என்னை இதுல இழுக்காதய்யா" என்று போய்விட்டான்.

தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போனை எடுத்துவிட்டது. "எந்திரி எர்னா, வாளியை எடு, வந்துருச்சு!" என்றேன்.

"அண்ணே," என்றாள். "கொடியில என்ன இருக்கு, பறிக்க?"

ஜன்னலைத் திறந்து சரிவைப் பார்த்தேன். அவள் போனை வைக்கவில்லை. பிறகு, "ஜன்னலைச் சாத்திக்கோங்க, ரொம்பக் குளிருது" என்றாள்.

சரிவுக்கு ஏறிப்போனேன். இப்போது அது வெண்டலின் குத்தகை, அதனால் வேலிக்கு வெளியிலேயே நின்றேன். வலையைச் சுருட்டி வைத்துவிட்டான். கொடிகளெல்லாம் வெள்ளையாக, வெறுமையாக நின்றன. வெயில் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல குளிர். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஹில்மார்