ஆளுக்கொரு சீப்பு

சிரிக்கமாட்டேன் என்று முதலில் சொல், அப்புறம்தான் சொல்வேன். இன்றைக்குக் காலையில் என் நெற்றி முழுக்கக் கறுப்பு. தலைக்குச் சாயம் பூசினேன். மலையில் இருக்கிற பெண்டுகளுக்கெல்லாம் "நரை வந்தா இன்னா, அதுவும் ஒரு அழகுதான்" என்று புத்தி சொல்கிறவள், கதவைச் சாத்திக்கொண்டு, கடுக்காயை இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்துப் பூசிக்கொண்டேன். முடியில் பிடித்ததைவிட நெற்றியில் நன்றாகப் பிடித்துவிட்டது. பால் ஊற்ற வந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா, நெத்தியில தார் ரோடு போட்டுகீறீங்க?"

"சர்க்கார்தான் நம்ம மலைக்குப் போடமாட்டேங்குது. நானாவது போட்டுக்கலாம்னு" என்றேன்.

அவள் போன பிறகும் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் புளிச்ச வாசனை வீடு முழுக்கப் பரவியதும், நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். உன் துணியில், உன் கையில், நீ கொடுக்கும் தண்ணீரில்கூட அந்த வாசனைதானே இருக்கும்? வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு உன் அண்ணன் கடுக்காய் அனுப்புகிறவர். நம் கடையே அவருடைய கடுக்காய்க் கொட்டகையின் முன்பாதிதான். பின்பாதியில் மூட்டைகள், முன்பாதியில் அழகு.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இப்போது உனக்கு நேரத்துக்கு என்ன குறை?

நயா பைசா வந்த புதிது. புருஷன் போய், அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் வெந்துகொண்டிருந்த நீ, ஒரு நாள் கடுக்காய் லாரியில் ஏறி இந்த மலைக்கு வந்து இறங்கினாய். கையில் ஒரு தகரப் பெட்டி, தலையில் முக்காடு, இடுப்பில் போர்வை சுற்றிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கள் வீட்டுக்காரரின் டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க பொம்பளைங்க தலைக்கு இன்னா பண்றாங்க?" என்று கேட்டாய். "பேன் பார்க்கிறாங்க" என்றேன். அப்படித்தான் நாம் சிநேகிதம் ஆனோம்.

எண்ணெய் வைத்துத் தலை வாரிப் பின்னுவது, மருதாணி இடுவது, கல்யாணப் பெண்ணைச் சோடிப்பது. இதற்கென்று ஒரு கடை. மலைமேல். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சிரித்தார். உன் அண்ணன் சிரிக்கவில்லை. "புளி உலுக்கி முடியட்டும். அதுக்குள்ள கடைக்கு ஆள் நின்னா நீயும் நில்லு. இல்லன்னா எனக்கு எடம் வேணும், நீ லாரியில ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு நீ சாப்பிடவில்லை. அண்ணி வீட்டு மூலையில் புரண்டு படுக்கக்கூட இடம் இல்லை என்று மட்டும் சொன்னாய்.

சந்தை நாளில் மலைப் பெண்கள் சாமையும் தேனும் புளியும் சுமந்து வருவார்கள். பனி விலகாத நேரத்தில் வரிசையாக வந்தால் கால் தெரியாது, தலைகள் மட்டும் மிதந்து வரும். நம் கடை வாசலில் நிற்பார்கள். ஒருத்தியும் உள்ளே வரமாட்டாள். நாற்காலியைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். நான் கூவிக் கூவிக் கூப்பிட்டதைக் கேட்டு மாடுதான் ஒன்று உள்ளே வந்தது. "போணி ஆச்சுடி, உட்காரவை" என்றேன். நீ முறைத்தாய்.

காரணத்தைச் சொன்னவள் வெள்ளச்சி. நினைவிருக்கிறதா, மேற்கே இரண்டு மலை தாண்டிய ஊர், புளியமரம் ஏறுவதில் ஆண்களை மிஞ்சியவள், முழங்காலைத் தொடும் முடி. வாசலில் நின்றபடியே, "அந்த ஒரு சீப்புதான் எல்லாருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமா, கழுவித்தான் வாருவோம்" என்றாய்.

"கழுவினா அழுக்கு போவும் பாயம்மா. கனவு போவுமா? ஒருத்தி தலையில போன சீப்பு இன்னொருத்தி தலையில போனா ரெண்டு பேரு கனவும் கலந்துடும். அவ வூட்டுச் செத்தவங்க இவ வூட்டுக்கு வந்து சோறு கேப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நல்லதுதானே, எங்க மாமியாரை யார் வூட்டுக்காவது அனுப்பிவுடலாம்" என்றேன். வெள்ளச்சி சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லை. நீ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய், கணக்குப் போடுகிற கண்ணோடு.

அடுத்த சந்தைக்குள் கொட்டகைச் சுவர் முழுக்க ஆணி. பலகை இழைக்கிறவனிடம் சொல்லி மரச் சீப்புகள் செய்ய வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கட்டினாய். ஆளுக்கொரு சீப்பு. அவளவள் சீப்பு அவளவள் ஆணியில் தொங்கும், வேறு யாரும் தொடமாட்டார்கள். முதல் சீப்பு வெள்ளச்சிக்கு, மஞ்சள் நூல். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இலுப்பை எண்ணெய் வைத்து நீ வாரியபோது அவள் தூங்கியே போனாள். சீப்பில் சிக்கிய முடியை மட்டும் தானே எடுத்து, கட்டை விரலில் மோதிரம் மாதிரி சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். உதிர்ந்த முடியை வெளியே விடக்கூடாதாம், கூரையில் செருகி வைப்பார்களாம்.

பிறகு அவள் ஊரே வந்தது. உன் மூளையை அன்றைக்குத்தான் மெச்சினேன். "சீப்பு இங்க கீற வரைக்கும் தலை இங்க வந்துதானே ஆவணும்?" என்றாய். வியாபாரத்தில் ஆளைப் பிடித்து வைக்க இப்படி ஒரு ஆணியை வேறு யாராவது அடித்திருப்பார்களா?

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சீப்புகள் ஆடும். காற்று இல்லாத நாளிலும் ஆடும். எல்லாம் இல்லை, ஒன்றிரண்டு மட்டும், பலகையில் தட்டிக்கொண்டு. டொக். டொக். மறுநாள் சந்தைக்கு யாருடைய சீப்பு ஆடியதோ அவள் வருவாள். நீ அதைப் பார்த்து அவளுக்கான எண்ணெயை எடுத்து வைத்துவிடுவாய். "நான் வர்றேன்னு எப்படித் தெரியும் பாயம்மா?" என்று அவர்கள் வாயைப் பிளப்பார்கள். "எலிடி" என்று நான் உன்னிடம் சொல்வேன். "எலிதான்" என்று நீயும் சொல்வாய். இருவரும் எலிப்பொறி வாங்கவே இல்லை.

புளி உலுக்குகிற காலத்தின் கடைசி. திடீரென்று கோடை மழை கொட்டி ஓடை ஏறிவிட்டது. அந்த வாரம் மஞ்சள் நூல் சீப்பு ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் முழுக்க. நீ இலுப்பை எண்ணெயை எடுத்து வைத்தாய்.

சந்தைக்கு வெள்ளச்சி வரவில்லை. அவள் ஊர்ப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள், சுமை இல்லாமல். வாசலில் நின்றார்கள். வெள்ளச்சியின் நாத்தனார் முன்னால் வந்து, "எங்க சீப்பையெல்லாம் குடுத்துடுங்க" என்றாள்.

வெள்ளச்சி மரத்திலிருந்து விழுந்துவிட்டாளாம். அவர்கள் ஊர் வழக்கத்தில் பொம்பளை மண்ணுக்குள் போகும்போது தலை வாரி முடிந்துதான் போகவேண்டும். அவளவள் சீப்பால்தான் வாரவேண்டும். அவள் சீப்போ இங்கே ஆணியில். ஓடையைத் தாண்டி ஆள் அனுப்ப முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணியாக வேண்டும். விரித்த தலையோடு புதைத்துவிட்டார்கள்.

"தலைவிரி கோலமா போயிட்டா பாயம்மா. அன்னியிலேருந்து ஊர்ல ஒருத்தரும் கண் மூடல. கொல்லையில நிக்கிறா. கிணத்தாண்ட நிக்கிறா. முடி மூஞ்சில வுழுந்து கீது, மூஞ்சி தெரியல."

எனக்குச் சொல்ல ஒரு கேலியும் வரவில்லை. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

நீ ஒவ்வொரு சீப்பாக எடுத்துக் கொடுத்தாய். சிவப்பு நூல், பச்சை நூல், நீலம். சுவர் காலியாகிக்கொண்டே வந்தது. மறுநாள் உன் அண்ணனின் லாரி வரவேண்டிய நாள். உன் தகரப் பெட்டியை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். கடைசியில் மஞ்சள் நூல் மட்டும் மிஞ்சியது. அதைத் தொட யாரும் கை நீட்டவில்லை.

நீ அதை எடுத்தாய். நாற்காலியைத் துடைத்து வாசல் பக்கம் திருப்பிப் போட்டாய். இலுப்பை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாய்.

"வா வெள்ளச்சி, உட்காரு. ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன், கோவிச்சுக்காத" என்றாய்.

பட்டப்பகல். வெளியே வெல்லக்காரன் கூவுகிறான். நீ வெறும் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வெறும் காற்றுக்கு எண்ணெய் தேய்த்தாய். வகிடு எடுத்தாய். சீப்பை மேலிருந்து கீழே இழுத்தாய். எப்போதும்போலப் பேசிக்கொண்டே வாரினாய். "இன்னாடி இவ்ளோ சிக்கு, மண்ணா கீது" என்றாய். பயந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும், உனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் சீப்பைப் பார்த்தேன்.

சீப்பு நடுவில் நின்றது. சிக்கில் மாட்டினால் எப்படி நிற்குமோ அப்படி. நீ இடது கையால் மேலே பிடித்துக்கொண்டு, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தாய். உன் மணிக்கட்டு நரம்பு புடைத்தது. நாற்காலி கிறீச்சென்றது. நீ அதைத் தொடவில்லை.

முழங்கால் வரை வாரினாய். அத்தனை நீளம் அவள் முடி. பின்னி, சுருட்டி, கொண்டை முடிந்தாய். கடைசியில் சீப்பிலிருந்து எதையோ எடுத்துக் கட்டை விரலில் சுற்றி நாத்தனாரிடம் நீட்டினாய். ஒரு கறுப்பு முடி மோதிரம். அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சுட்டியா பாயம்மா?"

"முடிஞ்சுட்டேன். போய்ட்டா."

நாத்தனார் மோதிரத்தை இடுப்பில் செருகினாள். தன் சிவப்பு நூல் சீப்பை ஆணியில் திரும்ப மாட்டினாள். பிறகு வந்து, அதே நாற்காலியில், சூடு ஆறாத இடத்தில் உட்காருகிறவள் மாதிரி மெதுவாக உட்கார்ந்தாள். "எனக்கும் வாரிவுடு" என்றாள்.

அவர்கள் போன பிறகு உன்னைப் பிடித்துக்கொண்டேன். "உன் முடியைத்தானே சுத்திக் குடுத்த, கள்ளி? நல்லா நடிச்ச" என்றேன். நீ முக்காட்டை விலக்கினாய். மருதாணி போட்டுப் போட்டு உன் தலை முழுக்கச் செங்கல் சிவப்பு. அந்த மோதிரமோ கறுப்பு. அன்றைக்கு உன் கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது விரல் இடுக்கில் செம்மண் இருந்தது.

மறுநாள் உன் அண்ணன் வந்தார். வாசலில் இரண்டு மூன்று ஊர்களின் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். சேதி ஓடையைவிட வேகமாக ஓடியிருந்தது.

"இன்னா கூட்டம் இது?" என்றார்.

"மண்ணெண்ணெய் ஊத்துறோம் பாய், கார்டு எடுத்துகினு கடைசியில நில்லுங்க" என்றேன்.

அவர் உன்னைப் பார்த்தார். நீ நிமிரக்கூட இல்லை, வாரிக்கொண்டிருந்தாய். கடுக்காய் மூட்டைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு, அண்ணிக்கு ஒரு புட்டி எண்ணெயும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஆளுக்கு இரண்டு சீப்பு என்று ஆக்கினாய். ஒன்று வீட்டில், ஒன்று ஆணியில். "ஆத்திரம் அவசரத்துக்கு" என்று நீ சொன்னாய். வியாபாரமும் இரண்டு மடங்கு என்று நான் சொன்னேன். வந்தவர்கள் விட்டுப் போகவில்லை. மகள்களைக் கூட்டிவந்தார்கள், மருமகள்களுக்கு நூல் நிறம் தேர்ந்தெடுத்தார்கள். வேறு எங்கே போவார்கள்? உயிரோடு இருக்கும்போது மட்டுமா, அப்புறமும் தலை வாரிவிடுகிற கடை இந்த மலையில் வேறு எங்கே இருக்கிறது?

நீயோ உனக்கு ஒரு சீப்பு மாட்டிக்கொண்டாய், வெள்ளை நூல். வீட்டுக்கு இரண்டாவது சீப்பு மட்டும் வைத்துக்கொள்ளவே இல்லை. "எனக்கு இதுதாண்டி வூடு" என்றாய். காய்ச்சலில் உன்னைக் கீழே வாணியம்பாடிக்கு எடுத்துப்போனபோது, அவசரத்தில் யாருக்கும் சீப்பு ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சேதி வந்து நான் லாரி பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் முறைப்படி குளிப்பாட்டி, தலை வாரித்தான் அனுப்பினோம் என்று அண்ணி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். திரும்பி வந்தபோது வெள்ளை நூல் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சந்தை நாளில் கடை திறந்ததும் முதல் வேலை உனக்குத்தான். நாற்காலியைத் துடைத்து, சாய்மானத்தில் வெள்ளைத் துண்டு போட்டு, உன் சீப்பில் எண்ணெய் தடவி, காற்றில் வாருகிறேன். பெண்கள் வெளியே பொறுமையாக நிற்கிறார்கள். உன் கை எனக்கு வரவில்லை. சீப்பு எதிலும் மாட்டியதில்லை. ஆனாலும் பேசிக்கொண்டே வாருகிறேன், ஊர் வம்பு முழுக்க. நீ விட்டுப்போனதில் எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

இன்றைக்கும் சந்தை. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து நேரமாகிவிட்டது. பனி வேறு, கொட்டகை இருட்டு. மிச்சச் சாயத்தைக் கடைக்கே ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். உனக்கு வாரி முடித்த பிறகுதான் பார்த்தேன், நான் தொட்டுத் தொட்டு வாரியது எண்ணெய் இல்லை, என் சாயம்.

மழை பிடித்துக்கொண்டதால் மத்தியானம் வரை யாரும் உள்ளே வரவில்லை. நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. துண்டை எடுக்கப் போனேன். சாய்மானத்தில், தலை படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். சவுக்காரம் போட்டுத் துவைத்தேன். போகவில்லை. கடுக்காய்க் கறை போகாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உன் சிவப்புக்கு மேல் கறுப்பு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. வேறு துண்டு போட்டிருக்கிறேன்.