ஒன்றரை அடி தூரம்

கிரெய்க்நெஸ்
புதன்கிழமை மதியம்

அன்புள்ள ஷோனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகம்தானே, வான்கூவரில் குளிர் ஆரம்பித்துவிட்டதா. நாங்களும் சுகம் என்று எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அப்பா டங்கன் மாமாவோடு கோல்ஃப் ஆடப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது, மழை வேறு தூறுகிறது. போன வாரக் காற்றில் கூரை ஓடு இரண்டு பறந்துபோயிற்று, அதைப் பற்றி எழுத இப்போது மனசு ஓடவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் கூடத்துக் கம்பளத்தில் பயிற்சி செய்தார். என் நல்ல கண்ணாடி டம்ளரைப் படுக்கவைத்து, ஆறடி தள்ளி நின்று பந்தை அதற்குள் தட்டுவார். மட்டை கோணாமல் போக இரண்டு பக்கமும் என் சமையல் புத்தகங்கள். மணிக்கட்டு அசையக் கூடாதாம், தோள் மட்டும் கடிகாரப் பெண்டுலம் போல ஆட வேண்டுமாம், அடித்த பிறகு தலையைத் தூக்காமல் டம்ளர் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டுமாம். முதல் வாரம் பத்துக்கு ஒன்று, போன மாதம் பத்துக்கு ஏழு. நான் உருளைக்கிழங்கு உரித்தபடி எண்ணிக்கொண்டிருப்பேன், சத்தம் வராவிட்டால் கத்தி பாதியில் நின்றுவிடும்.

குழியோரம் பந்து நின்றால், போட்டதாக வைத்துக்கொள் என்று எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது இங்கே எல்லாருக்கும் வழக்கம். இவர்கள் இருவர் மட்டும் முப்பது வருஷப் புதன்கிழமைகளில் ஒரு சாண்கூட விட்டுக்கொடுத்ததில்லை, உன் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட அதற்காகக் கத்திக்கொண்டார்கள். போன புதன்தான் நோய்க்குப் பிறகு முதல் ஆட்டம். கடைசிக் குழி வரை சமம், அப்பா ஒன்றரை அடி தூரத்திலிருந்து தட்டிக் குழியில் போட்டால் வெற்றி. டங்கன் மாமா, போதும்டா ஆர்ச்சி எடுத்துக்கோ என்று பந்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல விதியிலும் இடமில்லை. ஜெயித்து வந்த மனுஷன் மட்டைப் பையைக் கொட்டகையில் எறிந்துவிட்டு, டங்கன் என்னைப் பொணம்னு முடிவு கட்டிட்டான் எஃபி என்றார். டம்ளர் அலமாரிக்குப் போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் டங்கனை வழிமறித்து, உங்க இரக்கத்தை உங்க நாய்க்குக் காட்டுங்க, புதன்கிழமை வந்து கூப்பிடுங்க, பழையபடி கஞ்சனா இருங்க என்று பொரிந்துவிட்டேன். ஆர்ச்சி கை நடுங்கினதைப் பாத்தேன், என்னால தாங்க முடியல எஃபி என்று கண் கலங்கினார். எனக்கு மட்டும் தாங்குகிறதா. இன்று காலை வந்து கூப்பிட்டார், அப்பா கொட்டகையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போனார். நான் செய்தது சரியா, இன்று தவறவிட்டால் அவர் என்ன ஆவார் என்று ஒரே பயமாக இருக்கிறது. கெட்டிலை மூன்று தடவை போட்டு மூன்று தடவை அணைத்தேன். இரு, வாசலில் சத்தம்.

வந்துவிட்டார். தோற்றுவிட்டார். இரண்டடியில் பந்து குழியைச் சுற்றிவிட்டு வெளியே நின்றுவிட்டதாம். நனைந்த பூட்ஸோடு என் கம்பளத்தில் நின்று, அந்தப் பாவி ஒரு சாண் விடல எஃபி, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்தான், நான் தலையைத் தூக்கிட்டேன் அதான் போச்சு, டம்ளரை எங்க வச்சே என்று வீடே அதிரக் கத்துகிறார். அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, நானே கம்பளத்தில் படுக்கவைத்தேன்.

கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும், வெளியே போனால் காதை மூடிக்கொள். புத்தாண்டுக்கு நீ வரும்போது அப்பா உன்னை ஆடக் கூப்பிடுவார். அவர் கை எப்படி நடுங்கினாலும் ஒரு சாண்கூட விட்டுக்கொடுத்துவிடாதே.

உன் அம்மா,
எஃபி