அண்ணி நடக்கட்டும்

கச்சிராயபாளையம்,
பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அம்மா ஜெயம்மாள் எழுதுவது. மஸ்கட்டில் நீயும் ஷாலினியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உன் அண்ணன் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, உன் குரல் அப்படியே உன் அண்ணன் ஜெயப்பிரகாஷ் குரல். அதுவும் இல்லாமல் காது மந்தமானதிலிருந்து நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன், பேசுவது வீடு முழுக்கக் கேட்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ அண்ணியைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான் கேட்டது, அவள் அடுப்படியில்தான் நின்றிருந்தாள். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. கோமுகி அணையில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வாய்க்காலில் விட்டுவிட்டுத்தான் வருகிறது. மலைப்பக்கம் ஒரு மழை பெய்தது, இங்கே தூறல்கூட இல்லை. சுபஸ்ரீ பன்னிரண்டாவது பரீட்சை முடித்துவிட்டாள், கெமிஸ்ட்ரிதான் கொஞ்சம் கஷ்டம் என்றாள். அப்பா செத்ததுக்கு அந்தப் பெண் ஊர் பார்க்க அழுததோடு சரி, அப்புறம் அழுது நான் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உரக்கடையை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் அந்த நாற்காலிதான் முதலில் கண்ணில் படும், யார் போய்த் திறப்பது.

உன் அண்ணனுக்கு நாற்பத்தாறு வயசில் ஏன் இப்படி ஆயிற்று என்று நீ கருமாதிக்கு வந்தபோது வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் அப்போது வாய் திறக்கும் நிலைமையில் இல்லை, இப்போது சொல்கிறேன் கேள். போன ஆடியில் கடையில் தலை சுற்றுகிறது என்று கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காட்டினான். பிரஷர் ஜாஸ்தி, சுகரும் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உங்கள் அப்பாவும் மாரடைப்பில் போனவர் என்று தெரிந்ததும் அவர் இவனை உட்காரவைத்துப் பேசினாராம், ஓட வேண்டாம், பளு தூக்க வேண்டாம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி தினமும் ஒரு சின்ன நடை போதும், ஒரே நாளில் ரொம்ப நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதைவிட கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் நடப்பதுதான் நாற்பது தாண்டிய உடம்புக்கு நல்லது, இதயத்துக்கும் சுகருக்கும் தூக்கத்துக்கும் அதுவே மருந்து மாதிரி என்று. நீயே யோசித்துப் பார், அவன் எங்கே நடந்தான். வாசலில் வண்டி ஏறினால் கடையில் இறங்குவான், கடையில் நாள் முழுக்க நாற்காலி, சாயந்திரம் கழனிக்குப் போனாலும் மோட்டார் கொட்டகை வரைக்கும் வண்டியிலேயே போவான். உழைக்கிற குடும்பம், நமக்கெல்லாம் எதற்கு நடைப்பயிற்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உழைத்ததெல்லாம் கூலிக்கு வந்த ஆட்கள்தான்.

டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவனும் நடக்கத்தான் செய்தான். கள்ளக்குறிச்சியில் ஷூ வாங்கி வந்து விடிகாலையில் வாய்க்கால் கரைமேல் போவான். ஆனால் நம் ஊரில் ஒரு மனுஷனை நடக்க விடுகிறார்களா சொல். பால் சொசைட்டிக்குப் போகிறவன் நிறுத்துவான், பஸ்ஸுக்குப் போகிறவன் நிறுத்துவான், நம் பங்காளி செல்லமுத்து தினமும் நிறுத்துவான். "ஏறு அண்ணே, இன்னாத்துக்கு நடந்து போய்க்கினு கெடக்குற, வுட்டுடறேன்" என்பான். வேண்டாம் என்றால் கோபமா என்று கேட்பார்கள், ஏறாமல் போனால் மரியாதை இல்லை என்று ஆகிவிடும். இவனும் ஏறிக்கொள்வான், நடக்கப் போன பிள்ளை வண்டியில் திரும்பி வந்து வாசலில் இறங்குவான், எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் வண்டியை விற்றுவிட்டானாமே, கடை சரியாகப் போகவில்லையாமே என்று பேச்சு கிளம்பிற்று. உரம் வாங்க வந்தவனே கடையில் நின்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னான், "நடந்தா ஆளாளுக்குப் பதில் சொல்லணும்மா, வண்டியில போனா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்றான்." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். ஷூ பரண்மேல் போயிற்று. கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டான், பக்கத்தில் டீ ஆறிப்போய் இருந்தது. நடந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன நடையைக்கூட அவனுக்குக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று என் வயிறு எரிகிறது செழியா, படுத்தால் எரிகிறது, எழுந்தால் எரிகிறது.

இப்போது சந்தியாவுக்கு வருகிறேன். தை மாதம் வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற நர்ஸ் பெரியநாயகி உன் அண்ணிக்கும் பார்த்தாள். பிரஷர் எகிறிக் கிடந்தது, சுகரும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வயசு நாற்பத்தொன்று. அதே கள்ளக்குறிச்சி டாக்டர், அதே பேச்சு, தினமும் கொஞ்சம் நடம்மா என்று. அவள் வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு ஆயிட்டா சுபஸ்ரீக்கு யாரு இருக்காங்க அத்தை" என்று கேட்டாள். நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு எத்தனை வயசு பாக்கி இருக்கிறது. மறுநாளே நடக்க ஆரம்பித்துவிட்டாள். சாயந்திரம் மாட்டு வேலை, பால் கறக்கிற வேலை, ரோட்டில் கரும்பு டிராக்டர் ஓட்டம், அதனால் விடிகாலைதான் அவளுக்குத் தோது. முதலில் மதகு வரைக்கும் போவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது என்று திரும்பி வந்தாள். அப்புறம் மெல்ல மெல்ல பம்புசெட் தாண்டிப் போக ஆரம்பித்தாள். பால் கேனை இறக்கி இறக்கி வைத்துத் தூக்கிப் போனவள் ஒரே மூச்சில் கொண்டுபோனாள். ராத்திரியில் கண்ணை மூடாமல் கிடந்தவள் தூங்கினாள், சோறு கேட்டுச் சாப்பிட்டாள். பங்குனி பிறந்ததும் பார்த்ததில் பிரஷர் இறங்கியிருந்தது, இப்படியே விடாமல் நட, மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொல்கிறேன், வீட்டில் அழுதால் மகள் பார்ப்பாள் என்று அவள் அந்தக் கரைமேல்தான் போய் அழுதுவிட்டு வருவாள். முகம் கழுவியிருப்பதைப் பார்த்து எனக்குத் தெரியும்.

அண்ணி காலையில் நடக்கிறாள் என்று உனக்கு போன் போட்டுச் சொன்னது செல்லமுத்துதான் என்று எனக்குத் தெரியும். கரும்பு வெட்ட ஆள் பேசுவதற்கு மலையடிவாரத்துக்குக் கிளம்பினானாம், எதிரில் இவள் வந்தாளாம், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பக் கிளம்பினானாம். அதற்குள் வெட்டு ஆட்கள் வேறு ஊர்க்காரனோடு போய்விட்டார்கள். திரும்பாமல் நேராகப் போயிருந்தால் ஆள் கிடைத்திருக்கும், அது அவன் மண்டையில் ஏறவில்லை. நம் வாசலில் வந்து நின்று, "விடிஞ்சதும் அண்ணி மொகத்துல முழிச்சிட்டுப் போனா எப்படிப் பெரியம்மா காரியம் ஆவும்" என்றான். சந்தியா உள்ளே மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். அவன் பங்காளிதானே செழியா, எதையாவது பேசுவான், நான் துடைத்துப் போட்டுவிட்டேன். மறுநாளும் அவள் போனாள், நான்தான் போகச் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, ஒரு வருஷம் முடியட்டும் அம்மா, அதுவரைக்கும் அண்ணியைக் காலையில் வெளியே அனுப்பாதே, ஊர் வாய்க்கு நாம் எதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று. ஊர் சொன்னதைத் தாங்கினவள் நீ சொன்னதைத் தாங்கவில்லை. அவளைக் கல்யாணம் பண்ணிக் கொண்டுவந்தபோது நீ காலேஜ் பையன், உனக்குச் சோறு கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றினவள் அவள். திங்கட்கிழமை விடிந்ததும் நடக்கப் போகாமல் தொழுவத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். செவ்வாயும் அப்படியே. கூட்டின தொழுவத்தையே திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் அப்பா போனதிலிருந்து நானும் காலையில் முதல் டவுன் பஸ் போகிற வரைக்கும் வாசல் தாண்ட மாட்டேன், நீ பார்த்திருக்கிறாய், ஆனால் கேட்டதில்லை. யாரும் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. நாலு பேர் நாலு காரியமாகப் போகிற நேரம், நாம் எதற்குக் குறுக்கே நிற்பது என்று கதவுக்குப் பின்னாலேயே நிற்பேன், பஸ் சத்தம் அடங்கினால்தான் வெளியே வருவேன். புதன்கிழமை அப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன், சந்தியாவும் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள், பஸ் போகட்டும் என்று. நாற்பத்தொரு வயசுப் பெண், என் இடத்தில் வந்து நிற்கிறாள். செருப்பைப் போட்டேன், கதவைத் திறந்தேன், வாம்மா போகலாம் என்றேன். அவள் வேண்டாம் அத்தை என்றாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். சொசைட்டிக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள், எதிரே வந்த சாலம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிப் போனாள், போகட்டும். மதகுகிட்டே செல்லமுத்து எதிரே வந்துவிட்டான். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு முழித்தான். திரும்புவதென்றால் திரும்பிக்கோடா, நாளைக்கும் வருவோம் என்று நான் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன். அவன் திரும்பவில்லை. என் முட்டியைப் பார்த்தான், வண்டியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தான். "ஏறு பெரியம்மா, முட்டி வலிய வச்சிக்கினு இன்னாத்துக்கு நடக்குற, வூட்ல வுட்டுடறேன்" என்றான்.

அதே வார்த்தைடா. என் பிள்ளையிடம் தினமும் சொன்ன அதே வார்த்தை, அதே இடம், அதே வண்டி. பாசமாகத்தான் சொன்னான், அன்றைக்கும் பாசமாகத்தான் சொல்லியிருப்பான். அன்றைக்கு அவனை நடக்க விடாமல் ஏற்றிக்கொண்டு போனதும் இவன்தான், இன்றைக்கு இவள் நடக்கக்கூடாது என்று வண்டியைத் திருப்பினதும் இவன்தான். நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், கருமாதியில்கூட அப்படி அழவில்லை. சந்தியாவும் அழுதாள். செல்லமுத்துவுக்கு ஏன் என்று புரியவில்லை, வண்டியை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்புறம் நாங்கள் எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்தோம். நேற்றும் போனோம், இன்றைக்கும் போனோம். நான் மதகு வரைக்கும்தான், அங்கே உட்கார்ந்துகொள்வேன், அவள் பம்புசெட் தாண்டிப் போய்விட்டு வருவாள்.

உனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது. கம்பெனி கார், ஆபீஸ் நாற்காலி, திரும்பக் கார், வீட்டுக்கு வந்தால் சோபா என்று ஷாலினி சொல்லி வருத்தப்பட்டாள். அந்த ஊர் வெயிலில் நடக்க முடியாது என்று சாக்குச் சொல்லாதே, மாடிப்படி இருக்கிறது, குளுகுளுவென்று பெரிய கடைகள் இருக்கிறது, சாப்பிட்டதும் அதற்குள்ளேயே ஒரு சுற்று நடக்கலாம். நிறைய வேண்டாம், கொஞ்சம் போதும், ஆனால் தினமும். அங்கே உன்னை யாரும் வண்டியில் ஏறச் சொல்ல மாட்டார்கள், ஏன் நடக்கிறாய் என்றும் கேட்க மாட்டார்கள், அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உன் அண்ணனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பிரஷரும் சுகரும் பார்த்துவிட்டு எனக்குச் சொல், மறைக்காதே.

நீயும் ஷாலினியும் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும், உங்கள் கைகால் சோர்ந்துபோகக்கூடாது, வருகிற சித்திரை உங்களுக்கு நல்லதாக விடியட்டும். உன் அப்பாவையும் அண்ணனையும் இதே வாசலில் கிடத்திப் பார்த்தாயிற்று. மூன்றாவதாக யாரையும் என்னால் பார்க்க முடியாது, அது நீயாக இருந்தாலும் சரி, உன் அண்ணியாக இருந்தாலும் சரி. இந்தக் கடுதாசி கிடைத்ததும் எனக்கு போன் போடாதே, அவளுக்குப் போடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவளுக்கு அது தாங்காது. காலையில் எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டு, இன்னிக்கு நடந்தாச்சா அண்ணி என்று மட்டும் கேள். நான் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன், வீடு முழுக்கக் கேட்கட்டும்.

உன் அம்மா,
ஜெயம்மாள்