கிளட்ச் மூடியில் திருவாதிரை

ஆடி 4, ஞாயிறு

கூடத்தில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர் (இனி வீ.கா.), பாலவாக்கத்திலிருந்து மதினி (வீ.கா.வின் அக்கா), மதினியின் வீட்டுக்காரர் (எனக்கு அண்ணன்). ஆக நான்கு பேர். நடுவில், பழைய துண்டில் சுற்றிய அலுமினிய மூடி ஒன்று. புழுக்கம். மழை இருட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

அண்ணனின் பழைய பைக்கில் கிளட்சை மூடுகிற பாகமாம். வண்டி ஆதம்பாக்கத்தில் ரஹீம் பாய் பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு பழைய வண்டிக் கண்காட்சி.

"மெஷின்ல கொடுத்தா ஓரமெல்லாம் மழுங்கிரும் மாப்ளே. கையால தேய்க்கத்தான் ஆள் இல்ல."

வீ.கா. இதுவரை பாலிஷ் போடுகிற வீடியோ இரண்டு பார்த்திருக்கிறார். "நான் இருக்கேன்ல அத்தான்!"

மதினி என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆடி 5, திங்கள்

கோயில் ஆயிற்று. தயிர் புளிப்பு.

வேலை வரிசை (அவர் சொல்ல நான் எழுதியது): மண்ணெண்ணெயில் கழுவல். உப்புத்தாள் 220. பிறகு 400, 800, 1200, எல்லாம் தண்ணீர் தொட்டு. கடைசியில் பாலிஷ் பசை, பழைய வேட்டித் துணி.

புளி போட்டால் என்ன என்று கேட்டேன். "இது என்ன குத்துவிளக்கா?"

வீ.கா. தேய்த்தது பன்னிரண்டு நிமிடம். தோள் பிடித்துக்கொண்டது. தோளுக்குத் தைலம் தேய்த்தது நான், இருபது நிமிடம். அதன்பின் மூடியையும் நானே.

ஆடி 6, செவ்வாய்

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை.

ஒரு தேய்ப்புக்கு ஒரு நமசிவாய. நூற்றெட்டு ஆனால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. நேற்று 19 கோடு, இன்று 34. சும்மா ஜபித்தால் கோயில் வாசலில் செருப்பு இருக்குமா என்று மனம் ஓடும். இதில் ஓடவில்லை. கை ஓடுகிறபோது மனம் உட்கார்ந்துவிடுகிறது. சாமி தப்பாக நினைக்கக்கூடாது.

விரலெல்லாம் கறுப்பு. சீயக்காய் தோற்றது, எலுமிச்சை தோற்றது. பூக்காரி: "இன்னாக்கா, கரி மூட்டை தூக்குனியா?"

ஒரு மூலையில் மேடு தட்டிய அழுக்கு. விடுவேனா? சொரசொரத் தாளில் அதற்கு மட்டும் பதினொரு கோடு. வழவழவென்று ஆயிற்று. பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் ஃபோன். ஸ்பீக்கரில்.

"எப்படிப் போகுது மாப்ளே?"

"நேத்துலேர்ந்து எந்திரிக்கல அத்தான். முதுகே போச்சு." (டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு.)

"மூலையில கம்பெனி எழுத்து மூணு இருக்கும், லேசாத்தான் தெரியும். அது பத்திரம். ஒரிஜினலுக்கு அதுதான் அடையாளம். அது போனா கண்காட்சியில வாசல்லயே நிறுத்திருவான்."

"எனக்குத் தெரியாதா அத்தான்?"

மூடி என் மடியில். விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஈசுவரா.

அவரிடம் சொல்லவில்லை. உப்புமாவில் உப்பு இல்லை என்றார். இல்லைதான்.

ஆடி 7, புதன்

என் நட்சத்திரம். கபாலீசுவரருக்கு என் பெயரில் அர்ச்சனை. போன வருஷம் கூட்டத்தில் குருக்கள் வேறு நட்சத்திரம் சொல்லிவிட்டார். ஆகவே இந்த முறை சீட்டு: சிவகாமி, திருவாதிரை.

பசையும் போட்டாயிற்று. மூடியில் என் மூக்குத்தி தெரிகிறது. எழுத்துதான் இல்லை.

நேற்று ராத்திரி வந்த யோசனை: மாடவீதிப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறார்களே! எவர்சில்வரில் வெட்டுகிறவருக்கு அலுமினியம் என்ன கஷ்டம்? முன்பு மேடாக இருந்தது இனிப் பள்ளமாக இருக்கும், அவ்வளவுதான். தூரத்தில் யாருக்குத் தெரியும்? அண்ணன் அனுப்பிய பழைய படத்தைப் பார்த்து மூன்று இங்கிலீஷ் எழுத்தையும் எழுதிக்கொண்டேன். அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில். தாளை வீணாக்குவானேன்.

பேர் வெட்டுகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாத்திரம்மா இது? மூடி மாதிரி கீது, புடி இல்ல."

"மூடிதான். சீட்டில இருக்கிறபடி இந்த மூலையில வெட்டுங்க. சீட்டு எனக்குத் திரும்ப வேணும்."

தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வெட்டி முடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவகாமி. கீழே, திருவாதிரை. முத்து முத்தாக. ஓரத்தில் ஒரு பூ, அது அவர் இஷ்டம்.

கத்தினேன். அவர் அசையவில்லை. "ஒரு பக்கம் மூணு எழுத்து, ஒரு பக்கம் பேரு. நான் எத்த வெட்டுவேன், நீயே சொல்லு. இத்தினி வருஷமா பேருதாம்மா வெட்டிக்கினு கீறேன்."

அர்ச்சனைக்கு நின்றேன். குருக்கள் நட்சத்திரத்தைச் சரியாகத்தான் சொன்னார். காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் புரட்டினேன், ஏனென்று தெரியவில்லை. குடத்தில் அப்பா பெயர். அண்டாவில் மாமனார் பெயர். தூக்கில் வீ.கா. மற்றதெல்லாம் யார் யாரோ வைத்த மொய், அவரவர் பெயரோடு. இத்தனை வருஷம் விளக்கியிருக்கிறேன், என் பெயர் மட்டும் தனியாக வெட்டியது ஒன்றும் இல்லை. ஒரு கரண்டிகூட.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. வாழைக்காய், பூசணிக்காய், வடை. இலையில் உட்கார்ந்த பிறகு சொன்னேன். இலையிலிருந்து எழுந்திருக்க மாட்டார்.

மூடியைக் கேட்டார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கோத்திரத்தை மட்டும் ஏன் விட்டுட்டான்?"

"சீட்டில எழுதல."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. "நான்தான் தேய்ச்சேன்னு அத்தான்கிட்ட சொல்லிட்டேனே, சிவகாமி."

"அதுல யார் பேரு இருக்குன்னு பாத்தீங்கள்ல?"

இரண்டாவது வடை வேண்டாம் என்றுவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மத்தியானம் இருவரும் ஆட்டோவில் ஆதம்பாக்கம். ரஹீம் பாய் மூடியை வெளிச்சத்தில் சாய்த்தார். எழுத்தைப் பார்க்கவே இல்லை, முதலில் பளபளப்பைத்தான். "சார், இது யார் கை?"

வீ.கா. வாயைத் திறந்தார். மூடினார். "இவ கை" என்றார்.

"மெஷின்ல கூட இந்த மாதிரி வராதும்மா. ஓரம் அப்படியே நிக்கிது." பிறகுதான் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாய், இத எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல வச்சா அந்த மூலை ஓட்டையாயிரும், ஏற்கெனவே மெல்லிசாகீது. உங்க கையால பதமா தேய்ச்சா போவும். ரெண்டு நாள் ஆவும். ஆனா கம்பெனி எழுத்து திரும்ப வராது. வேற மூடி முன்னாடியே தேடினேன், கிடைக்கல." துணியால் மூடியை மெல்லச் சுற்றினார். "என்னைக் கேட்டா வுட்டுருவேன். வண்டிக்காரர் அவரு, அவர்தான் சொல்லணும்."

திரும்பும் வழியில் மூடியை வீ.கா. தன் மடியில் வைத்துக்கொண்டார். கிண்டி தாண்டியதும்: "நான் சொல்றேன்." சைதாப்பேட்டையில்: "நீயே சொல்லிரு."

ஆடி 9, வெள்ளி

விடியற்காலை தூறல். விளக்கேற்றி, பாயசம் நிவேதனம் செய்தபின் அண்ணனுக்கு அனுப்பியது. மூன்று முறை அடித்து எழுதியது. ஞாபகத்துக்கு இங்கேயும்:

அண்ணா, சிவகாமி எழுதுகிறேன். மூடியைத் தேய்த்தது உங்கள் மாப்பிள்ளை இல்லை, நான். கம்பெனி எழுத்தை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்ததும் நான். அதை மறைக்கப் போய் அங்கே என் பெயரும் நட்சத்திரமும் வெட்டியாகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது, அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். கண்காட்சியில் சேர்க்காமல் போனால் அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியவில்லை. பெயரைத் தேய்த்து எடுக்கலாம், இரண்டு நாள் பிடிக்கும், இன்றே உட்கார்ந்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு முடியும். அப்படியே விட்டால் எனக்குச் சந்தோஷம், அதையும் மறைக்கவில்லை. வண்டி உங்களுடையது. தேய்க்கவா, விடவா? தாள் நனைத்து வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.