நீலக் கோட்டுக்காரி நிற்கும் தெரு

4 மார்ச் 2025
நான் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து வேலைக்கு ஒரு மணித்தியால பஸ். வெளியே பனி. நானோ கைபேசியில் கூகுள் தெருப்படத்தைத் திறந்து, ஸ்கொட்லாந்தில் ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் நடக்கிறேன். அக்கா எனக்குக் கல்யாணம் பேசியிருக்கும் வசீகரனுக்கு அங்கேதான் பலசரக்குக் கடை. மனைவி சர்மிளா இறந்து ஏழு வருடமாம். ஆளைவிட ஊரைத்தான் அதிகம் பார்க்கிறேன் என்று அக்கா நக்கலடிக்கிறாள். நாற்பத்துமூன்று வயதில் தெருவைப் பார்த்துச் சம்மதிக்கக் கூடாதா?

9 மார்ச்
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திரும்பினால் ஒருவர் மட்டும் போகக்கூடிய கல் ஒழுங்கை. படிப்படியாக ஏறும் கூரைச் சுவர்கள். பழைய வங்கி இப்போது தேநீர்க்கடை. கதவுக்கு மேலே செதுக்கிய வங்கியின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மழையில் நனைந்த சாம்பல் கல்... நான் எப்போதோ அங்கே இருந்தவள் போல. இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

11 மார்ச்
தெருப்படத்தில் பழைய ஆண்டுகளின் படங்களும் இருக்கின்றன; ஆண்டைப் பின்னுக்குத் தள்ளினேன். 2012. அவர் கடை வாசலில் நீலக் கோட்டுப் போட்ட பெண், ஏணியில் நின்று, தொங்கும் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். சர்மிளாவாகத்தான் இருக்கும்.

என்ர தெரு எண்டு நினைச்சிட்டன். விசரி.

14 மார்ச்
அவரிடம் சொல்லிவிட்டேன். ஒளித்துவைத்துக்கொண்டு என்ன கல்யாணம்?

"அப்பிடி ஒரு படம் இருக்கோ?" என்றார். "பேந்து எடுக்கிறன்" என்று போனை வைத்துவிட்டார்.

20 மார்ச்
எடுக்கவில்லை.

23 மார்ச்
ஏன் வாயைத் திறந்தனான்? பஸ்ஸில் சும்மா பனியைப் பார்த்துக்கொண்டு போனேன்.

26 மார்ச்
எடுத்தார். "ஓம், சர்மிளாதான். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைப் போய்ப் பாத்தனான். அழுதனான்." பிறகு, "நேற்று உங்கட தெருவுக்கும் வந்தனான். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு நிக்கிறது நீங்கள்தானே? முகம் தெரியேல்லை."

போய்ப் பார்த்தேன். நான்தான். நைட்டிக்கு மேலே குளிர்க்கோட்டு. அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகும் எடுத்திருக்கிறார்.

7 செப்டம்பர்
படத்தில் தெரியாத ஒன்று: இந்தத் தெரு நல்ல ஏற்றம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எனக்கு மூச்சு வாங்கியது. என் பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். கடை வாசலில் பூச்சட்டி காய்ந்துபோய்த் தொங்கியது.

ஏணி எங்கே என்று கேட்டேன்.